ஒரு டன்

முந்நூறு. இன்னும் முந்நூறேதான். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாலும் முந்நூறு, கழட்டித் தொடச்சிட்டுப் பாத்தாலும் முந்நூறு. நான் முறைச்சா அந்த நம்பர் பயந்துக்கிட்டு ஏறிடுமா என்ன. ரன்வேல நிக்கறவனுக்கு முந்நூறு மீட்டர் வரைக்கும்தான் கண்ணு தெரியுதுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் வெறும் வெள்ளை. இறங்கணும்னா ஐந்நூத்தம்பது வேணும். ஏறேன், சனியனே, ஏறேன். மஸ்கட்லேருந்து வந்த எங்க கம்பெனி பிளேன் மகாபலிபுரத்துக்கு மேல வட்டம் போட்டுக்கிட்டிருக்கு, அது இந்த ஸ்கிரீன்ல ஒரு சின்ன பச்சைப் புள்ளி, அந்தப் புள்ளிக்குள்ள பொங்கலுக்கு ஊருக்கு வர்ற நூத்தி எண்பது பேர், அந்த நூத்தி எண்பது பேருக்கு முன்னால வலது பக்க சீட்ல என் பொண்ணு தேனுகா. ஃபர்ஸ்ட் ஆஃபீசர் தேனுகா. வேலைல சேர்ந்து இன்னும் வருஷம் ஆகல. இந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க வானத்தைப் பத்தியே பேசற ரூமுக்கு ஜன்னல் வேணாம்னு எந்தப் புண்ணியவான் முடிவு பண்ணானோ. ஆனா ஏசி வழியா புகை நாத்தம் வருது. பழைய பாய், ரப்பர், நைலான் கயிறு எரியற நாத்தம். இன்னிக்கு போகி. மூக்கு இருக்கறவனுக்கு ஜன்னல் எதுக்கு. போன தடவை வட்டம் முடிச்சப்ப இருந்த ஃபியூல் இப்ப இல்ல, அடுத்த வட்டம் முடியறப்ப இப்ப இருக்கறது இருக்காது, இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேணாம், ஆனா என் மண்டைக்குள்ள அதுவே திரும்பத் திரும்ப ஓடுது. பிளேன் ஒரு வட்டம் போட்டா நான் பத்து வட்டம் போடறேன்.

ஒரு டன். ஒரு டன்தான் கேட்டா. டிஸ்பாட்ச்ல இருக்கேன்னு சொன்னா கல்யாண வீட்டுல எல்லாரும் கூரியர் ஆபீஸான்னு கேப்பாங்க, நானும் ஆமாங்கன்னு விட்டுடுவேன், யாரு உக்காந்து விளக்கறது. பைலட் எந்த வழில போகணும், எந்த உயரத்துல, வழியில என்ன வானிலை, எவ்வளவு ஃபியூல், இறங்கற ஊர் மூடிக்கிச்சுன்னா எந்த ஊருக்கு ஓடணும், எல்லாத்தையும் தரைல உக்காந்து கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடறது நான். கேப்டனும் கையெழுத்துப் போடணும். ரெண்டு கையெழுத்து விழுந்தாத்தான் பிளேன் கிளம்பும். கணக்கு என்ன பெரிய கணக்கு. வழிச்செலவுக்கு ஃபியூல், அதுக்கு மேல கைச்செலவுக்குக் கொஞ்சம், இறங்க முடியலன்னா பக்கத்து ஊருக்குப் போக, அதுக்கும் மேல அரை மணி நேரம் காத்துல நிக்க. அந்தக் கடைசி அரை மணி நேரம் மஞ்சத் துணில முடிஞ்சு வச்ச சாமி காசு மாதிரி, அதுல யாரும் கை வைக்கக் கூடாது, கை வைக்க வேண்டி வந்துச்சுன்னா ரேடியோல ஆபத்துன்னு கத்தணும். அதுக்கும் மேல யாராவது எக்ஸ்ட்ரா கேட்டா அது எங்க ரெண்டு பேர் கைல இருக்கு. ராத்திரி மஸ்கட்லேருந்து போன் வந்தப்ப நான் எடுத்தேன். வேலை போன்ல நாங்க அம்மா பொண்ணு கிடையாது. அவ சேர்ந்த அன்னிக்கே நான் போட்ட சட்டம் அது. எடுத்ததும் மேடம்னு கூப்பிட்டா. நான் சொல்லுங்க ஃபர்ஸ்ட் ஆஃபீசர்னேன். சென்னைக்கு ஒரு டன் எக்ஸ்ட்ரா போடலாமா மேடம், காலைல போகின்னா. ஃபிளைட் ஃபுல், ஒவ்வொருத்தனும் பொட்டி பொட்டியா அள்ளிக்கிட்டு வரான், ஒரு டன் ஏத்தணும்னா ஒரு டன் லக்கேஜ இறக்கணும், பொங்கல் நேரத்துல எவன் பொட்டிய இறக்கச் சொல்றீங்கன்னு கேட்டேன். அதோட விட்டிருக்கலாம். எக்ஸ்ட்ரா போட்டா ஃபாரத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுத, போகின்னு எழுதவான்னு கேட்டேன். அந்தக் குரல்ல கேட்டேன். வீட்டுல அவ தட்டுல சோத்தை மிச்சம் வச்சா கேப்பேனே, அந்தக் குரல். சரி மேடம்னு சொன்னா. போனை வச்சிட்டா. கேப்டனும் அதுக்கு மேல எதுவும் கேக்கல, கையெழுத்துப் போட்டுட்டார்.

அவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா. நான் ஏர்போர்ட்டை ஒட்டி இருக்கற பம்மல்ல பொறந்து பம்மல்லயே குப்பை கொட்டறவ. போகின்னா இந்த ஏர்போர்ட்டு என்ன கதிக்கு ஆகும்னு எனக்கா தெரியாது. காலைல புகையால சில சமயம் பார்வை குறையலாம்னு வானிலை அறிக்கைல ஒரு வரி இருந்துச்சு, ஐயோ வானிலைக்காரங்க மேல பழி போட முடியாது, தெளிவா போட்டிருந்தாங்க, நானும் படிச்சேன். சில சமயம்னு போட்டிருந்தா அதைக் கணக்குல எடுத்துக்கணும்னு கட்டாயமில்லன்னு எங்க கம்பெனி கையேடு சொல்லுது. சட்டப்படி நான் சரி. சட்டத்தைக் கரைச்சு டேங்க்ல ஊத்த முடியுமா. இதுல கொடுமை, டியூட்டிக்குக் கிளம்பறப்ப வாசல்ல எரிக்கறதுக்கு சாமானெல்லாம் எடுத்து வச்சிட்டு வந்ததே நான்தான். கிழிஞ்ச பாய், பிஞ்ச முறம், தேனுவோட ஸ்கூல் ஷூ. அந்த ஷூவ நான் இத்தனை வருஷம் தூக்கிப் போடாம பரண்ல வச்சிருந்தேன். நேத்து என்னமோ தோணுச்சு, அவதான் யூனிஃபார்ம்ல வேற ஷூ போட்டுக்கிட்டு ஊர் ஊரா பறக்கறாளே, இது எதுக்குன்னு எடுத்துக் குவியல் மேல வச்சேன். இந்த மனுஷன் இருக்காரே என் வீட்டுக்காரர், கஜேந்திரன், விடியறதுக்கு முன்னாடியே கொளுத்திட்டு போட்டோ அனுப்பியிருக்கார். ஹேப்பி போகியாம். கட்டைவிரல் தூக்கின பொம்மை வேற. போட்டோல ஒண்ணும் தெரியல, ஒரே புகை, நடுவுல கொஞ்சம் செவப்பு, ஓரத்துல அவர் லுங்கி. எதிர்வீடு தெரியல. எதிர்வீடு தெரியலன்னா எத்தனை மீட்டர். ரன்வே அங்கேருந்து எவ்வளவு தூரம். அந்தாளுக்கு இன்னும் தெரியாது, பொண்ணு வந்ததும் பொங்கல் வடைன்னு ஏதோ பருப்பு ஊறப் போட்டுக்கிட்டு இருப்பார். அவளை இறங்க விடாம அவளோட ஷூ எரிஞ்சுக்கிட்டிருக்கு. சொல்லக் கூடாது, வாய்ல வரக் கூடாது, வருது. நாக்கக் கடிச்சுக்கிட்டேன்.

ஏன் குடுக்கல. அதை மட்டும் நேரா கேட்டுக்க முடியல, ஒவ்வொரு தடவையும் பக்கத்துல போய்ட்டு ஒதுங்கிக்கறேன். லக்கேஜ்னு சொன்னேனே, அது பொய்யில்ல, ஆனா அதுவும் இல்ல. போன வருஷம் இதே போகிக்கு இதே மாதிரி ஃபுல் ஃபிளைட்ல நம்பியார் கேப்டன் ரெண்டு டன் கேட்டார். காரணம் கூடக் கேக்கல நான். அந்தக் கட்டத்துல நானே புகைன்னு எழுதி, எழுபது எண்பது பொட்டிய அடுத்த ஃபிளைட்டுக்குத் தள்ளி, பாத்து வாங்க கேப்டன்னு சொல்லி அனுப்பினேன். அவர் வந்து கொஞ்ச நேரம் சுத்திட்டு சமர்த்தா இறங்கினார். அந்தாளு யாரு எனக்கு, மாமனா மச்சானா. அதனாலதான் குடுத்தேன். அதனாலதான். இதோ பக்கத்து டேபிள்ல உக்காந்திருக்கானே பெனடிக்ட், தேனு வேலைல சேர்ந்த அன்னிக்கு கேன்டீன்ல வச்சு, இனிமே மேடம் பொண்ணு ஓட்டற பிளேனுக்கு மட்டும் டேங்க் வழிய வழிய ரொம்பும்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவன் அதை அப்பவே மறந்திருப்பான், அவனுக்கு வாய் அப்படி, மனசுல ஒண்ணும் கிடையாது. எனக்குத்தான் அது சோத்துல கல்லு மாதிரி பல்லுல நின்னுடுச்சு. அன்னிலேருந்து அவ பேர் இருக்கற ஃபிளைட்டு எதுவா இருந்தாலும் ஒரு சொட்டு கூடப் போட்டதில்ல. இன்னார் பொண்ணுன்னு சலுகை குடுத்தாங்கன்னு ஒருத்தன் வாய் திறக்கக் கூடாதுன்னு. என் நேர்மைய நான் காப்பாத்திக்கிட்டேன். நல்லா காப்பாத்தினேன் போ. நூத்தி எண்பது பேரை மேல தொங்கவிட்டு காப்பாத்தினேன். டீ ஆறி ஆடை கட்டிடுச்சு, அதை விரலால ஓரமா ஒதுக்கி ஒதுக்கி கப்பு ஓரமெல்லாம் ஒட்டியிருக்கு.

முந்நூத்தி இருபது. ஏறுதா. இல்ல, திரும்ப முந்நூறு. தேனு பக்கத்துல உக்காந்திருக்கற கேப்டன் பாட்டியா டெல்லிக்காரர். நல்ல பைலட்டு, நிதானமானவர், ஒரு குறை சொல்ல முடியாது. டெல்லிப் பனில எத்தனையோ வருஷம் ஓட்டினவர், பனியப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்ல, அங்கதான் இப்ப ஆபத்தே. அவர் கணக்குல வெயில் வந்தா பனி போயிடும். சூரியன் ஏறிடுச்சு, தரை சூடாகும், கொஞ்ச நேரத்துல தூக்கிடும், இன்னும் ரெண்டு சுத்து பாக்கறேன்னு முதல் தடவை கூப்பிட்டப்ப சொன்னார். டெல்லில நியாயம். இது பனி இல்லையே சாமி. இது ஊரே சேர்ந்து கொளுத்தின குப்பை. இதுக்கு வெயில் போதாது, காத்து வேணும், காத்து இன்னிக்கு செத்துக் கிடக்கு. தேனுவுக்கு இது தெரியும். பரீட்சைக்குப் படிக்கறப்ப ஒரு நாள் அவ அப்பா கேட்டார், புகைன்னா மேலதானே போகணும், ஏம்மா தெருவுலயே உக்காந்துக்கிட்டிருக்குன்னு. இட்லிப் பானைய எடுத்துக் காட்டினா. கீழ குளிர்ந்த காத்து, மேல சூடான காத்து, சூடான காத்து மூடி போட்ட மாதிரிப்பா, ஆவி எங்க போகும், உள்ளயே சுத்தும், மூடிய யாராவது தூக்கினாத்தான் வெளிய வரும்னா. கஜேந்திரன் மூடியத் தூக்கிப் பாத்து முகத்துல சுட்டுக்கிட்டார். எவ்வளவு சிரிச்சோம். அந்தப் பொண்ணு இப்ப அந்த சீட்ல உக்காந்துக்கிட்டு எல்லாம் தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டிருக்கா. எனக்குத் தெரியும், மூடிக்கிட்டுத்தான் இருப்பா. கேப்டனுக்குத் தலைமுடி நரைச்சிருக்கு, இவளுக்கு இன்னும் சட்டைல இஸ்திரி மடிப்பு கலையல, அது ஒரு பக்கம். ராத்திரி வாயத் திறந்து கேட்டா, கேட்டதுக்குப் பெத்தவளே போகின்னு எழுதவான்னு நக்கல் பண்ணினா. அதுக்கப்புறம் எந்தப் பொண்ணு திரும்ப சார் இன்னிக்கு போகின்னு சொல்லும். அவ வாய அடைச்சது யாரு. நான்தான். ஒரு டன் ஃபியூலை மட்டும் நான் எடுத்துக்கல, அவ வாயையும் சேத்து எடுத்துக்கிட்டேன். பாத்ரூம் போகணும், எழுந்திரிக்க முடியல, எழுந்திரிச்சா அந்தப் புள்ளி எங்கயாவது போயிடும் போல இருக்கு.

இறங்க முடியலன்னா போறதுக்கு நான் போட்ட ஊர் பெங்களூரு. பிளான் போடறப்ப அங்க நல்லாத்தான் இருந்துச்சு. விடியறப்ப அங்க நிஜப் பனி இறங்கிடுச்சு. அங்க ஒண்ணுமே தெரியாட்டியும் இறங்கற வசதி இருக்கு, ஆனா அதுக்குத் தனிப் பயிற்சி முடிச்சவங்க ரெண்டு பேர் முன்னால உக்காந்திருக்கணும். பாட்டியா முடிச்சிருக்கார். தேனுவுக்கு அடுத்த மாசம். அடுத்த மாசம்! அதனால பெங்களூரு இவங்களுக்குக் கதவு சாத்தின வீடு. மிச்சம் திருச்சி. தூரம் ஏறக்குறைய அதே தூரம்தான், வானம் நல்லா இருக்கு, ஆனா திருச்சிக்குப் போற ஃபியூல் கைல இருக்கறப்பவே கிளம்பணும். இன்னும் ஒரு வட்டம், மிஞ்சிப் போனா ஒண்ணரை. அதுக்கப்புறம் கிளம்பினா சாமி காசுல கை வைக்கணும். அதுக்கும் அப்புறம்னா சென்னைதான், முந்நூறோ இருநூறோ, கண்ணு தெரியுதோ இல்லையோ. அந்த வெள்ளைக்குள்ள மூக்கை நுழைச்சிக்கிட்டு விளக்கு தெரியுதா விளக்கு தெரியுதான்னு ரெண்டு பேரும் கண்ணை இடுக்கிக்கிட்டு இறங்கறது. அப்ப அவ என்ன நினைப்பா. என்னைத் திட்டுவாளா. திட்டட்டும், திட்டறதுக்காவது இருக்கட்டும். சொல்லிட வேண்டியதுதானே, மைக் கைக்கெட்டற தூரத்துலதானே இருக்கு, ஏன் எடுக்கல. ஏன்னா இப்ப நான் போங்கன்னு சொல்லி, அவங்க திரும்பின அடுத்த நிமிஷம் இங்க தெளிஞ்சிடுச்சுன்னா? பொண்ணு மேல இருக்கான்னு அம்மாக்காரி பயந்துட்டா, நூத்தி எண்பது பேரைக் கொண்டுபோய் திருச்சில தள்ளிட்டான்னு இந்த ஆபீஸ் பொங்கல் முழுக்கப் பேசும். பாத்தியா. பாத்தியாடி மங்கை. ராத்திரி எது உன் கையப் பிடிச்சுதோ அதேதான் இப்பவும் பிடிச்சுக்கிட்டிருக்கு. ராத்திரி பொண்ணுங்கறதால குடுக்கல, இப்ப பொண்ணுங்கறதால வாயத் திறக்கல. நீ எல்லாம் ஒரு மனுஷி.

பெனடிக்ட் போனைக் காதுல இடுக்கிக்கிட்டு திருச்சியோட பேசிக்கிட்டிருந்தான், வாயப் பொத்திக்கிட்டு என் பக்கம் திரும்பினான். மத்த கம்பெனிக்காரங்களும் அங்க ஓடறாங்களாம், பிளேன் நிறுத்த இன்னும் ரெண்டே இடம்தான் மிச்சமாம், அது ரொம்பிட்டா வேணாம்னு சொல்லிடுவாங்களாம். மேடம், ஒண்ணைப் பிடிச்சு வைக்கச் சொல்லட்டுமா, ஆனா உடனே வரணும்கறாங்கன்னான். அவன் முகத்துல சிரிப்பே இல்ல. இவன் வாயையா நான் இத்தனை நாள் பயந்தேன். இவன் மூஞ்சி வெளிறிப்போய் உக்காந்திருக்கான். பிடிச்சு வைன்னேன். மைக்கை எடுத்தேன்.

கம்பெனி ரேடியோ எல்லாருக்கும் கேக்கும். சென்னைக்கு மேல சுத்தற எங்க மத்த பிளேன்காரங்களுக்கும் கேக்கும், பதிவாகவும் செய்யும். ஃபிளைட் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தேனுதான் எடுத்தா, ரேடியோ அவ பொறுப்பு. இங்கிலீஷ்ல, எங்க வழக்கப்படி, பெங்களூரு உங்களுக்கு ஆகாது, திருச்சி நல்லா இருக்கு, அங்க இடம் பிடிச்சு வச்சிருக்கு, உடனே கிளம்பறது நல்லதுன்னு சொன்னேன். காத்திருங்கன்னா. அப்புறம் பாட்டியாவே பேசினார். நன்றி சொன்னார், எவ்வளவு மரியாதையான மனுஷன். சூரியன் நல்லா ஏறிடுச்சு, மேலேருந்து பாத்தா மெல்லிசாத்தான் தெரியுது, கடற்கரை கூடத் தெரியுது, இன்னும் ஒரு சுத்து பாத்துட்டுப் போறோம்னார். மேலேருந்து பாத்தா மெல்லிசாத்தான் தெரியும். குனிஞ்சு பாக்கறவனுக்கு கிணத்துத் தண்ணி மாதிரி அடி வரைக்கும் தெரியும், பக்கவாட்டுல அதுக்குள்ள பாக்கறவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. இதை இங்கிலீஷ்ல விளக்கறதுக்குள்ள அரை வட்டம் போயிடும். ஃபியூல் எவ்வளவுன்னு கேட்டேன். தேனு படிச்சா. ஒரு நடுக்கம் இல்ல, பிசிறு இல்ல, கடைக்காரன்கிட்ட விலை கேட்டுச் சொல்ற மாதிரி சொன்னா. நான் மனசுக்குள்ள போட்டு வச்சிருந்த கணக்கை விட அது குறைச்சல். அந்த நொடில எனக்கு எல்லாம் விட்டுப்போச்சு, மேடமாவது ஃபர்ஸ்ட் ஆஃபீசராவது, பதிவாவது கேன்டீனாவது. இருபத்தேழு வருஷ வேலைல ரேடியோல ஒரு வார்த்தை தமிழ் பேசினதில்ல.

"தேனு, இது பனி இல்லம்மா, போகிப் புகை. ராத்திரி நீ சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு பண்ணிட்டேன். அவர்கிட்ட வாயத் திறந்து சொல்லு."

ரேடியோ சும்மா இரைஞ்சுக்கிட்டிருந்துச்சு. பெனடிக்ட் போனைக் காதுலேருந்து எடுத்துட்டான். பின்னால ரெண்டு பேர் எழுந்து நின்னுட்டாங்கன்னு நாற்காலி சத்தத்துலயே தெரிஞ்சுது. திரும்பிப் பாக்கல. அவ சொல்லுவாளா. சொன்னா அவர் கேப்பாரா. குப்பை எரிக்கறதுக்குன்னு ஒரு பண்டிகைய டெல்லிக்காரருக்கு எப்படிச் சொல்லுவா, இட்லிப் பானைய எங்கேருந்து கொண்டு வருவா. பச்சைப் புள்ளி அதே பாதைலதான் போய்க்கிட்டிருக்கு, திரும்பற மூலைக்கு வந்துடுச்சு, இந்த மூலைல வடக்க திரும்பினா இன்னொரு வட்டம், திரும்பாம நேரா போனா திருச்சி. திரும்பாதே. முருகா, திரும்பாம இரேன். புள்ளி நகர்றது தெரியவே மாட்டேங்குது, விட்டு விட்டு விழுது, ஒரு தடவை விழுந்தா அடுத்தது விழற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுங்கற மாதிரி உக்காந்திருக்கேன். அவ பொறந்தப்ப அழல. கொஞ்ச நேரம் அழவே இல்ல. டாக்டரம்மா தலைகீழா பிடிச்சு முதுகுல தட்டினாங்க, நான் படுத்துக்கிட்டே எத்தனை தட்டுன்னு எண்ணிக்கிட்டிருந்தேன், அழுடி அழுடின்னு. இப்பவும் அதேதான் சொல்லிக்கிட்டிருக்கேன், பேசுடி, பேசுடி. ரேடியோ கரகரன்னுச்சு. அவதான். இங்கிலீஷ்ல, வழக்கப்படி, திருச்சிக்குப் போறோம், நேரம் இவ்வளவு ஆகும், ஃபியூல் இவ்வளவு மிச்சம் இருக்கும்னா. கடைசில மேடம்னு ஒண்ணு சேத்தா. அம்மான்னு சொல்லல.

இனிமே எனக்கு ஒரு வேலையும் இல்ல. புள்ளி தெக்க போய்க்கிட்டிருக்கு. அவ சொன்ன மிச்சம் சாமி காசுக்கு மேல ஒரு கைப்பிடிதான், திருச்சில யாராவது முன்னால வழி மறிச்சா, ஒரு தடவை இறங்க முடியாம திரும்ப மேல ஏற வேண்டி வந்தா, அந்தக் கைப்பிடியும் காலி. பெனடிக்ட் டீ கொண்டுவந்து வச்சான். நான் பாக்க வேண்டாம்னு நினைச்ச ஸ்கிரீனைத்தான் திரும்பப் பாத்தேன். நானூறு. நானூத்தி அம்பது. ஐயோ. ஐந்நூறு. அறுநூறு! எங்கேருந்து வந்துச்சோ ஒரு துளி காத்து. அடப்பாவி, இவ்வளவு நேரம் எங்க போயிருந்த. இவங்களுக்குப் பின்னால சுத்திக்கிட்டிருந்த வேற கம்பெனி பிளேன் ஒண்ணு உள்ள வந்து இறங்கிடுச்சு. எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. போங்க, சிரிங்க, எல்லாரும் சிரிச்சுக்கோங்கன்னு உக்காந்திருந்தேன். யாரும் சிரிக்கல. அடுத்தது இறங்க வந்துச்சு. அது வந்துக்கிட்டிருக்கறப்பவே நம்பர் சரிஞ்சுது, நானூறு, முந்நூறு, இருநூத்தி அம்பது. ரன்வேக்குக் கிட்ட வரைக்கும் வந்துட்டு ஒண்ணும் தெரியாம திரும்ப மேல ஏறிப் போச்சு. காத்து போயிடுச்சு, மூடி திரும்ப விழுந்துடுச்சு. இவங்க இருந்திருந்தா, இறங்கினதா இருந்திருப்பாங்களா, ஏறிப் போனதா இருந்திருப்பாங்களா. எனக்குத் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்த ஒரு டன் இருந்திருந்தா ரெண்டுல எதுவா இருந்தாலும் பரவாயில்லாம இருந்திருக்கும், அது மட்டும் தெரியும். இறங்கிட்டாங்கன்னு திருச்சிலேருந்து செய்தி வந்தப்ப பெனடிக்ட்தான் சத்தமா படிச்சான். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு குழாயத் திறந்து விட்டேன்.

திரும்பி வந்து உக்காந்தப்ப வேலை போன் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. சென்னை தெளிஞ்சதும் அவங்க திரும்ப வரணும், அதுக்கு திருச்சிலேருந்து சென்னைக்கு ஒரு பிளான் போடணும், அதுக்கும் நான்தான் கையெழுத்து. தேனுதான் கூப்பிட்டா. பின்னால பஸ் சத்தம், யாரோ குழந்தை அழற சத்தம். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, எதுவும் வாய்ல வரல எனக்கு. சென்னைக்கு ஃபியூல் எவ்வளவு வேணும் சொல்லுன்னேன். பின்னால இருந்த சத்தமெல்லாம் தூரமாப் போச்சு. அவளும் எங்கயோ ஓரமா போய் நின்னுக்கிட்டுப் பேசறா போல.

"ராத்திரி வேற யாராவது கேட்டிருந்தா குடுத்திருப்பியாம்மா?"

வேலை போன்ல அம்மான்னுட்டா. லக்கேஜைப் பத்திச் சொல்லலாம். கையேட்டைப் பத்திச் சொல்லலாம். நம்பியார் கேப்டன் கேட்ட ரெண்டு டன் அவளுக்கு எங்க தெரியப்போகுது.

"குடுத்திருப்பேன்."

அவ அழல. கோவப்படவும் இல்ல. எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல்ல, ரொம்ப மெதுவா சொன்னா.

"அப்ப வேற யாரோ கேக்கறாங்கன்னு நினைச்சுக்கோ. ஒரு டன்."

போட்டேன்.